கடைசி வரிசைக் கன்றுகள்

தம்பியின் நாற்றுப்பண்ணைக்குள் கால் வைத்ததுமே பெரியவள் நின்றுவிட்டாள். போன மாதம்வரை பச்சைப் பசேலென்று நின்ற திராட்சைக் கன்றுகள், ஐந்து வரிசையும், அறை வாங்கிய கன்னம்போலச் சிவந்து கிடந்தன.

திராட்சைக்கு ஒரு நோய் உண்டு. இலை சிவக்கும், ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். கொடி சாகாது, உருப்படவும் செய்யாது. காய் நேரத்துக்குப் பழுக்காது, பழுத்தாலும் இனிக்காது. மாவுப்பூச்சி அந்த நோயை ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்குச் சுமந்துகொண்டு போகும். மருந்தென்று எதுவும் கிடையாது. வேரோடு பிடுங்கிக் கொளுத்துவது ஒன்றுதான் வைத்தியம். அப்படிப்பட்ட கன்று ஒன்றுகூடப் பண்ணை வாசலைத் தாண்டக் கூடாது என்பதற்குத்தான் பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவளை வைத்திருந்தார்கள். அவள் முத்திரை வைத்தால் வண்டி நகரும், இல்லாவிட்டால் நகராது.

வீட்டில் முதலில் பிறந்தவள் என்பதால் அவள் பெரியவள், அடுத்துப் பிறந்தவன் சின்னவன். இரண்டு பேருக்கும் காதோரம் நரைத்துவிட்டது, பெயர் மட்டும் நரைக்கவில்லை. சொந்தத் தம்பியின் தோட்டத்தைச் சோதிக்கப் போவதைவிடப் பாம்புப் புற்றில் கையை விடலாம் என்று அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தாள். மேலதிகாரி கேட்கவில்லை. "உங்க தம்பி பண்ணைன்னு எனக்குத் தெரியாதா? வேற ஆள் லீவுல இருக்காரு. நீங்க போனா நான் திரும்பிப் பாக்க வேண்டியதில்ல" என்றார். நம்பிக்கை என்பது சில நேரம் தலையில் ஏற்றிய மூட்டை.

"என்னக்கா, வாசல்லயே நின்னுட்ட? உள்ள வா" என்று சிரித்துக்கொண்டே வந்தான் சின்னவன். வந்த வேகத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்படி வியர்க்கிற அளவுக்கு இன்னும் வெயில் ஏறவில்லை.

"என்னடா இது கோலம்?"

"வெயில்க்கா. சத்தியமா வெயில்தான். அன்னைக்கு அடிச்ச காத்துல கூரை ஷீட்டு கிழிஞ்சு பறந்துடுச்சு. புது ஷீட்டு வர்ற வரைக்கும் இப்படியே நிக்கட்டும்னு விட்டேன். ரெண்டு மூணு நாள்ல இப்படி ஆயிடுச்சு."

"கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கி வெளிய வைக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? காலை வெயில் மட்டும் காட்டு, அப்புறம் நிழலுக்குக் கொண்டு போ, மறுநாள் இன்னும் கொஞ்சம் காட்டுன்னு தொண்டை வத்தக் கத்தினேனா இல்லையா? கைக்குழந்தையக் கொண்டு போய் நடுரோட்டுல விட்ட மாதிரி விட்டிருக்க."

திட்டத் திட்ட அவளுக்கு உயிர் வந்தது. வெயிலாக இருந்தால் நல்லது. வெயிலாகவே இருக்கட்டும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அந்தச் சதை அப்போதே ஆடத் தொடங்கிவிட்டது.

சின்னவனின் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். நடப்பதும் பேசுவதும் தத்தித் தத்தி வேகமாக இருக்கும் என்பதால் எல்லாருக்கும் அவள் சிட்டு. "அண்ணி, வெயில் பட்டா கருகத்தானே செய்யணும்? இது ஏன் சிவக்குது?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி கேட்பவர்களைப் பெரியவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கன்றைத் திருப்பி இலையைக் காட்டினாள். "நமக்கு வெயில் அடிச்சா நிழலுக்கு ஓடிடுவோம். இதுக்குக் கால் ஏது? வேணும்கறத இருந்த இடத்துலயே செஞ்சுக்கணும். வெயில்ல கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்னு ஒண்ணு இருக்கு. அது இலைக்குள்ள பூந்தா உள்ள இருக்கறத உடைச்சுப் போடும். உடைச்ச இடத்துல ஆக்சிஜன் வெறி புடிச்ச மாதிரி அலைஞ்சு, பக்கத்துல இருக்கறதையும் சேத்து அரிக்கும். அதத் தடுக்கவும் அடக்கவும்தான் இலை ஆன்டிஆக்ஸிடன்ட்னு சில சரக்கத் தன் மேல்தோல்ல சேத்து வச்சுக்குது. அதுல பலதுக்கு நிறமே கிடையாது. சிலது மட்டும் சிவப்பு. இந்தச் சிவப்பு அவசரத்துக்குப் போத்திக்கிட்ட போர்வை."

"இத்தன நாள் போத்திக்கலயே?"

"கூரை ஷீட்டு அந்தக் கதிர உள்ள விடாது. அதுக்கு அடியிலயே வளந்ததுக்குப் போர்வை எதுக்குன்னே தெரியாது. திடீர்னு மேல கூரை இல்லன்னதும் பதறிப் போயிடுச்சு."

"அப்ப தொட்டிப் பக்கம் நிக்கிறது? அதுவும் இதோட சேந்து போட்டதுதான். கூரைக்குள்ள இடம் பத்தலன்னு முதல்ல இருந்தே வெளிய நிக்குது. அது மட்டும் பச்சையா இருக்கு?"

"அது பழகிடுச்சும்மா. நிறமில்லாத சரக்கே அதுக்குப் போதும், சிவப்பு தேவைப்படல."

சின்னவன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் எப்போதுமே பாதிப் பாடம்தான் கேட்பான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், மீதிப் பாதியைப் பெரியவள் எழுதிக் கொடுப்பாள்.

கடைசி வரிசைக்கு வந்தபோது அவள் கொஞ்சம் நின்றாள். மற்ற நான்கு வரிசைகளிலும் சிவப்பு மேல் இலைகளில், வெயில் பார்க்கிற பக்கத்தில் இருந்தது. ஓர் இலையின் நிழல் இன்னோர் இலையில் விழுந்த இடம் பச்சையாகவே இருந்தது. கடைசி வரிசையில் அடி இலைகளிலும் சிவப்பு தெரிகிற மாதிரி இருந்தது. வெயிலில் கண் கூசியதில் ஒன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"இது எங்க எடுத்த குச்சிடா?"

"எல்லாம் நம்ம தாய்க்கொடிதான்க்கா."

"எல்லாமா?"

"இந்த ஒரு வரிசை மட்டும் ஒரு சிநேகிதன் தோட்டத்துல வெட்டினது. நல்ல ரகம்க்கா. பாத்தா நீயே ஆசைப்படுவ."

பரிசோதனைக் கூடத்துக்கு இலை அனுப்பினால் பதில் வருவதற்குள் நடவுக் காலம் போய்விடும். பெரியவள் மேலதிகாரியிடம் போனிலேயே பேசி ஒரு வழி செய்தாள். வரிசைக்கு மூன்று கன்றாக எடுத்து நிழல்வலைக் கொட்டகைக்குள் வைப்பது. வெயிலால் வந்த சிவப்பென்றால் நிழலில் புது இலை பச்சையாக வரும். நோயென்றால் நிழலில் நின்றாலும் அடி இலை சிவந்துகொண்டே மேலே ஏறும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டினாள். கடைசி வரிசைக்கு நீலம்.

"இங்கேருந்து ஒண்ணையும் நகத்தக் கூடாது. தண்ணி மட்டும் ஊத்து" என்றாள்.

"சரிக்கா. நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றான் சின்னவன்.

இரண்டு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் சிவந்த இலை. அவள் கட்டியது வெறும் நூல்தான், தம்பியின் பிழைப்பு முழுக்க அதில் தொங்கியது. இந்தப் பண்ணைக்கு முன்னால் அவன் மூன்று தொழில் பார்த்துவிட்டான். மூன்றும் படுத்தன. இது ஒன்றுதான் காலூன்றியது. இதுவும் போனால் அவன் எழுந்திருப்பானா என்பதே அவளுக்குச் சந்தேகம்.

திரும்பி வந்த அன்று வாசலில் வேன் தயாராக நின்றது. வேனுக்கு முன்னால் கன்று வாங்க வந்தவர், கத்தி மாதிரி முறுக்கிய மீசையோடு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரியவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க மேடம். இருந்த பழைய கொடிய எல்லாம் தோண்டி எடுத்தாச்சு. பந்தக்கால் நட்டுக் கம்பியும் இழுத்தாச்சு. நீங்க பாத்து விட்ட செடின்னா நான் கண்ண மூடிக்கிட்டு நட்டுடுவேன்."

"பாக்கறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கொட்டகைக்குள் குளுமையாக இருந்தது. கண் பழகியதும் முதலில் தெரிந்தது பச்சை. பதினைந்து கன்றும் பச்சை. நீல நூல் கட்டிய மூன்றும் பச்சை. அடி இலை, நடு இலை, நுனி, எங்கும் பச்சை.

"அப்பாடா!" என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். "பொழைச்சடா பயலே. வெயிலேதான்."

சின்னவன் கையைக் கூப்பினான். "நான்தான் சொன்னேனேக்கா!" அவன் கண் கலங்கியே விட்டது. சிட்டு கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிமிஷத்துக்கு நூறு வார்த்தை பேசுகிறவள் வாயைத் திறக்கவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போனாள் போலும் என்று பெரியவள் நினைத்தாள்.

முத்திரைப் பெட்டியைத் திறந்து கையில் எடுத்துக்கொண்டாள். போகிற போக்கில் நீல நூல் ஒன்று தளர்ந்திருந்ததைக் கண்டு குனிந்து இழுத்துவிட்டாள். இலை ஒன்று அவள் விரலில் மடிந்தது, சடசடவென்றது.

அவள் குனிந்தபடியே நின்றாள்.

பக்கத்து வரிசைக் கன்றின் புது இலையைத் தொட்டாள். மெத்தென்று இருந்தது, பிறந்த குழந்தையின் காது மாதிரி. இரண்டு வாரம் நிழலில் நின்ற செடி வெளிச்சம் தேடி நீண்டு வளரும். கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், இலை அகன்று மெலியும். வெயிலில்லாத இடத்தில் தடித்த தோலுக்கு என்ன வேலை? பன்னிரண்டு கன்றுகள் அப்படித்தான் நீட்டி நெளிந்து நின்றன. நீல நூல் மூன்றும் குட்டையாக, கணுக்கள் நெருங்கி, இலை தடித்து, தோல் செருப்பு மாதிரி விறைப்பாக நின்றன. பிறந்ததிலிருந்து வெயில் குடித்த உடம்பு. நேற்றோ முந்தாநாளோதான் நிழலைப் பார்த்திருக்கிறது.

பச்சை என்றால் பச்சைதானே என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். தான் எங்கே நின்றோம் என்பதைச் செடி தன் உடம்பிலேயே வைத்திருக்கும். அது தெரியாமல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்.

பெரியவளுக்கு முத்திரைப் பெட்டி கையில் கனத்தது. சட்டென்று நிமிர்ந்தால் தம்பி முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பயத்தில் நூலை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

போன் அடித்தது. மேலதிகாரி. "என்ன ஆச்சு? முடிஞ்சுதா?"

"பாத்துட்டு இருக்கேன் சார்."

"நல்ல சேதிதானே?"

"கூப்பிடறேன் சார்."

போனை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கேட்டாள். "சிட்டு, இந்த மூணும் நான் வச்ச நாள்ல இருந்து இங்கயேதான் இருக்கா?"

"இருக்குக்கா" என்றான் சின்னவன்.

"உன்னக் கேக்கல."

சிட்டு புருஷனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஆமா அண்ணி" என்ற சத்தம் அவளுக்கே கேட்டிருக்காது.

"அப்படின்னா நான் வச்ச மூணு எங்க?"

"எந்த மூணு? என்னக்கா ஒளர்ற? இதுதான் அது. நூல் இருக்குல்ல?" சின்னவனின் குரல் ஏறியது. "வேன் நிக்குது. மனுஷன் காலையில இருந்து காத்துக்கிட்டு இருக்காரு. பச்சையா இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லு!"

"பச்சையாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"தொட்டிப் பக்கம் நின்ன கன்னுல மூணு குறையுதா இல்லையான்னு நான் போய் எண்ணவா, நீயே சொல்றியா?"

சின்னவன் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏழு வயதில் பக்கத்து வீட்டுச் சன்னலை உடைத்துவிட்டு வந்து நின்ற முகம். அன்றைக்குச் சன்னலை உடைத்தது நான்தான் என்று போய் நின்று அடி வாங்கியவள் பெரியவள். அதற்குப் பிறகும் எத்தனையோ. அவன் விட்டுவிட்டு ஓடிய வேலைக்கு அவள் போய் மன்னிப்புக் கேட்டாள். அவன் சொன்ன பொய்யை அப்பாவிடம் அவளும் சேர்ந்து சொன்னாள். அவன் தலைக்கு மேலே எப்போதும் ஒரு கை இருந்தது, அது இவளுடைய கை.

சிட்டு கம்பத்தை விட்டாள். விறுவிறுவென்று வெளியே போனாள். "ஏய், எங்கடி போற?" என்று சின்னவன் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்து, அப்படியே நின்றுவிட்டான். குளியலறைக்குப் பின்பக்கம் சாக்கு இழுபடும் சத்தம் கேட்டது. சிட்டு இரண்டு கையாலும் ஒரு நாற்றுப் பையை அணைத்துக்கொண்டு திரும்பி வந்து பெரியவளின் காலடியில் வைத்தாள்.

அடி இலைகள் ரத்தச் சிவப்பு. நரம்புகள் மட்டும் பச்சையாகப் பிரிந்து தெரிந்தன. ஓரங்கள் கீழே சுருண்டிருந்தன. நிழலில் நின்றும் சிவப்பு ஒரு கணு மேலே ஏறியிருந்தது. தண்டின் மடிப்பில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மாவுப்பூச்சிதான்.

"என்னால முடியல அண்ணி" என்றாள் சிட்டு. "ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

சின்னவன் நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். சண்டைக்கு நின்றவன் இப்போது குழைந்தான். "அக்கா. ஒரே ஒரு வரிசைதான்க்கா. மத்த நாலும் நல்லா இருக்கு. காய்ப்புல இது தெரிய மூணு நாலு வருஷம் ஆகும். எங்க இருந்து வந்துச்சுன்னு அப்ப யாரு கண்டா?"

"நான் கண்டேன்டா."

"அந்த வரிசைய ஏத்தல. சரியா? மத்த நாலயும் ஏத்திடறேன்."

"பூச்சி ஓடுதுடா! ஒரே தண்ணிக் குழாய், ஒரே கத்தி, ஒரே கை. நாலும் பரிசோதனைக் கூடத்துல இருந்து சுத்தம்னு வராம ஒரு இலை வெளிய போகாது."

"அதுக்குள்ள நடவு முடிஞ்சிடும். அப்புறம் எவன் வருவான் என் பண்ணைக்கு?" அவன் அவள் கையைப் பிடித்தான். "இந்த ஒரு தடவைக்கா."

"நீ சொல்ற எல்லாத் தடவையும் இந்த ஒரு தடவைதான்."

"சரி, நீ பொய் சொல்ல வேண்டாம். முத்திரையும் வைக்க வேண்டாம். தலைவலின்னு சொல்லிட்டு வண்டியெடுத்துப் போயிடு. நாளைக்கு லீவு முடிஞ்சு அந்த ஆளு வருவாரு. அவர் பாத்துக்கட்டும். உன் மேல ஒரு சொல் வராது."

சும்மா சொல்லக் கூடாது, சின்னவனுக்கு மூளை உண்டு. குறுக்குச் சந்தில் மட்டும்தான் ஓடும். அந்த ஆள் வருவார், பச்சையைப் பார்ப்பார், முத்திரை வைப்பார், போவார். இலையை மடித்துப் பார்க்கிற ஆள் அவரில்லை. பெரியவள் வாயே திறக்க வேண்டியதில்லை. இதுவரைக்கும் செய்ததில் இதுதான் மிகச் சுலபமான உதவி.

அவளுக்கு ஆசையாக இருந்தது. அதை மறைப்பானேன்? இப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போய், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட வேண்டும்போல இருந்தது. பெட்டியை மூடினாள். பையில் போட்டாள். கொட்டகையை விட்டு வெளியே வந்து வாசலை நோக்கி நடந்தாள். சின்னவன் எழுந்து பின்னாலேயே வந்தான். அவன் மூச்சு சீராவது அவளுக்கு முதுகிலேயே தெரிந்தது.

வெளியே வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. நான்கு வரிசைச் சிவந்த கன்றுகளும் ஆடாமல் அசையாமல் நின்றன. திடீரென்று கூரை போனபோது இவற்றுக்கு உதவி என்று யாரும் வரவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்து தாக்குப்பிடித்தன. எண்ணிப் பார்த்தால், கருகிச் செத்தது என்று ஒன்றுகூட இல்லை. என் தம்பிக்கு இதுகூட வராமல் போனதற்கு யார் காரணம்? அந்தக் கேள்வி வந்ததும் அவள் நடை தளர்ந்தது.

"என்ன மேடம், ஏத்தலாமா?" என்றார் மீசைக்காரர்.

அவள் பதில் சொல்லும் முன்பே சின்னவன் முந்திக்கொண்டான். தலைவலி கதையெல்லாம் அவனுக்கு மறந்துவிட்டது, அல்லது கிடைத்த இடத்தில் மடத்தையே பிடுங்கப் பார்த்தான். "ஏத்துங்கண்ணே, ஏத்துங்க! அக்கா பாத்துட்டாங்க. எல்லாம் வெயில்தானாம்." சொல்லிவிட்டு அவளை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, சவாலும் இருந்தது. அன்னியர் முன்னால் என்னை விட்டுக்கொடுத்துவிடுவாயா என்று கேட்டது.

மீசைக்காரரின் ஆட்கள் வேனின் பின்கதவைத் திறந்தார்கள்.

"ஏத்தாதீங்க" என்றாள் பெரியவள்.

வேனடியில் நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள். "ஏத்தாதீங்க. கடைசி வரிசையில நோய் இருக்கு. மத்ததுக்கும் தொத்தியிருக்கலாம். இந்தப் பண்ணையில இருந்து இப்ப ஒண்ணும் வெளிய போகக் கூடாது."

மீசைக்காரர் சின்னவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அவரு வெயில்னாரே?"

"தப்பு. நான் பாத்தேன், நோய்தான்."

அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் மடக்கு நாற்காலியை மெதுவாக மடக்கினார். "கூடப் பொறந்தவர்னு சொன்னாங்க" என்றார். வேன் வெறுமையாகக் கிளம்பிப் போனது. இன்று மாலைக்குள் இந்த வட்டாரத்தில் திராட்சை போடுகிற எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

சின்னவன் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பத்து வார்த்தை திட்டியிருந்தால் இவள் இருபது திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், மூக்கைச் சிந்தியிருப்பாள், ஏதோ ஒரு கரை வந்திருக்கும். அவன் திரும்பி நடந்தான், வீட்டுக்குள் போனான், கதவைச் சாத்தினான்.

பெரியவள் மேலதிகாரியைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். கன்று மாற்றி வைக்கப்பட்டதையும் சொன்னாள். "நீங்க கிளம்பி வந்துடுங்கம்மா. பிடுங்கறதுக்கு வேற ஆள அனுப்பறேன்" என்றார் அவர்.

"வேண்டாம் சார். முடிச்சுட்டே வரேன்."

சிட்டு குழாயடியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சிட்டு தலையாட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

"அவர் உங்கள மன்னிக்க மாட்டாரு அண்ணி."

"தெரியும்மா."

"என்னையும்தான்."

"உன்ன மன்னிச்சுடுவான். நீ கூடவே இருக்கப் போறவ."

கொளுத்துவதற்குச் சுவரோரமாக ஒரு பழைய குழி இருந்தது. பெரியவள் அதிலிருந்த குப்பையை வாரி ஒதுக்கினாள். கடைசி வரிசையில் பூச்சி மருந்து அடித்தாள். சாக்குகளை எடுத்து வாய் விரித்து வைத்தாள். ஒவ்வொன்றையும் செய்யும்போது கதவுப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள், ஒவ்வொரு தடவையும் பார்த்தாள். அவன் ஏதாவது செய்துகொண்டுவிடுவானோ என்று ஒரு கணம் நினைப்பு வந்தது. போய்க் கதவைத் தட்டலாமா? தட்டி, வாடா, எல்லாம் நான் பாத்துக்கறேன் என்று சொல்லலாமா? அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சாக்கை உதறினாள்.

கதவு திறந்தது.

சின்னவன் சட்டை மாற்றியிருந்தான். முகம் கழுவியிருந்தான், கண் வீங்கியிருந்தது. கையில் கையுறையும் மண்வெட்டியும். நேராக அவளிடம் வந்து, அடுத்தவர்களிடம் நிற்பதுபோல ஓர் ஆள் தள்ளி நின்றான்.

"சொல்லுங்க மேடம்" என்றான். "எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

பேச்சு வந்த நாள் முதலாய் அவளை அவன் நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். கோபத்தில் நீ, கொஞ்சலில் நீ, காரியம் ஆக வேண்டுமென்றால் நீ. அவன் கிண்டல் செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. கேட்பதற்குப் பதில் தெரிய வேண்டும் என்பது மட்டுமே இருந்தது. அவள் மார்புக்குள் ஏதோ பிய்ந்துகொண்டு போனது. அதே மூச்சில், அவன் மண்வெட்டியைத் தானாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்பதும் உறைத்தது.

"கடைசி வரிசை" என்றாள். "மண்ணு சிந்தாம வேரோட எடுக்கணும். எடுத்ததும் சாக்குல போட்டுக் கட்டிடணும், தரையில போட்டு இழுக்கக் கூடாது."

"மத்த நாலு வரிசை?"

"அதத் தொட வேண்டாம். நாளைக்கு இலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பறேன். சுத்தம்னு வந்தா அடுத்த பருவத்துக்கு உதவும்."

"சரிங்க மேடம்."

அவன் குனிந்து முதல் கன்றைப் பையோடு தூக்கினான். சாக்குக்குள் இறக்கினான், வாயை முறுக்கிக் கட்டினான். ஒழுங்காகத்தான் செய்தான். அடுத்த கன்றுக்கு நகர்ந்தான். பெரியவள் கையுறையை மாட்டிக்கொண்டு வரிசையின் மறுமுனைக்குப் போனாள். அழுகை வந்தது, துடைத்துக்கொள்ள முடியவில்லை, கையெல்லாம் மருந்து. அங்கிருந்து அவளும் எடுக்கத் தொடங்கினாள்.